சென்னையில் உழைக்கும் குடும்பத்துக்கு ஒரு வீடு: அட்வான்ஸ் முதல் கிரயப் பத்திரம் வரை முழுமையான வழிகாட்டி

சென்னையில் கணவனும் மனைவியும் வேலைக்குச் சென்று மாதம் நாற்பதாயிரம் ரூபாய் அளவில் ஈட்டும் குடும்பங்கள் வீட்டுச் செலவைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் மாத வாடகையைப் பற்றியே பேசுகின்றன. வாடகை சுமைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் குடும்பங்களைக் கடனில் தள்ளுவது, பெரும்பாலும், மாதந்தோறும் போகும் பணம் அன்று. அட்வான்ஸ், லீசுத் தொகை, முன்பணம் என்று ஒரே நாளில் மொத்தமாக எடுத்துக் கொடுக்கும் பணமே. அந்தப் பணம் நகையை அடகு வைத்தோ, சீட்டை எடுத்தோ, ஊரில் இருந்த துண்டு நிலத்தை விற்றோ வந்ததாக இருக்கும். ஆகவே இந்த வழிகாட்டி வாடகையைக் குறைப்பது எப்படி என்பதோடு, அந்த மொத்தப் பணத்தை எந்தெந்த இடத்தில் எப்படிக் காத்துக்கொள்வது என்பதையும் படிப்படியாகச் சொல்கிறது.

முதற்படி: வாடகையை மட்டும் எண்ணாமல் முழுச் செலவையும் எண்ணுங்கள்

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவருக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் 24,000 ரூபாய் சம்பளம். மனைவிக்குத் தியாகராய நகர் துணிக்கடையில் 18,000 ரூபாய். பள்ளி செல்லும் பிள்ளை ஒருவர். கோடம்பாக்கத்தில் ஒரு படுக்கையறை வீடு 14,000 ரூபாய்க்கும், அதே அளவு வீடு ஆவடியில் 8,500 ரூபாய்க்கும் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் பார்வைக்கு ஆவடியில் மாதம் 5,500 ரூபாய் மிச்சம்.

இப்போது மற்றவற்றையும் சேர்த்துப் பாருங்கள். கோடம்பாக்கத்திலிருந்து கணவர் பைக்கில் அம்பத்தூர் போய் வர மாதம் ஏறத்தாழ 1,400 ரூபாய் பெட்ரோல் ஆகும். மனைவி சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் ஏறிக்கொள்ளலாம். 2021ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து அதில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆக மொத்தம் 15,400 ரூபாய். ஆவடி என்றால் கணவரின் பெட்ரோல் 1,150 ரூபாய், மனைவியின் ரயில் சீசன் டிக்கெட்டும் சில்லறைச் செலவும் 300 ரூபாய். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கேன் தண்ணீருக்கு 700 ரூபாய். தாய் இருட்டிய பிறகே வீடு திரும்புவதால் பிள்ளையை மாலையில் பார்த்துக்கொள்ள ஒருவருக்குக் கொடுப்பது 2,000 ரூபாய். வாடகையோடு சேர்த்தால் 12,650. மிச்சம் 5,500லிருந்து 2,750 ரூபாயாக, சரிபாதியாக, சுருங்கிவிட்டது. அதற்கு விலையாக அந்தத் தாய் அன்றாடம் ரயிலிலும் நடைமேடையிலும் செலவிடும் மணிநேரங்கள் இந்தக் கணக்கில் இன்னும் ஏறவில்லை.

இதனால் புறநகர் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கடற்கரை – தாம்பரம் – செங்கல்பட்டு, சென்ட்ரல் – ஆவடி – அரக்கோணம், சென்ட்ரல் – கும்மிடிப்பூண்டி ஆகிய மின்சார ரயில் தடங்களில், நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவில் வீடு கிடைத்தால், இந்த நகரத்தில் உழைக்கும் குடும்பத்துக்கு அதைவிட நல்ல ஏற்பாடு அரிது. நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து, அதன் பிறகும் ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டிய வீடுகளில்தான் கணக்கு தலைகீழாகிறது. இருவரில் யாருடைய வேலை இடம் மாறாமல் நிலையானது என்று பாருங்கள். அவருடைய தடத்தில் வீட்டைத் தேடுங்கள்.

இரண்டாம் படி: அட்வான்ஸுக்குள் ஒளிந்திருக்கும் வாடகையைக் கண்டுகொள்ளுங்கள்

பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது சென்னையின் நெடுநாள் வழக்கம். 14,000 ரூபாய் வீட்டுக்கு அது 1,40,000 ரூபாய். 'திரும்பி வரும் பணம்தானே' என்று பலரும் அதைச் செலவாகக் கருதுவதில்லை. ஆனால் அந்தப் பணத்தை எங்கிருந்து கொண்டுவந்தோம் என்பதைப் பொறுத்தே அது செலவா இல்லையா என்பது தெரியும். மூன்று மாத அட்வான்ஸ் 42,000 ரூபாய். பத்து மாதத்துக்கும் மூன்று மாதத்துக்கும் உள்ள வேறுபாடு 98,000 ரூபாய். அதை ஒரு ரூபாய் வட்டிக்கு வாங்கியிருந்தால் மாதம் 980 ரூபாயும், இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கியிருந்தால் 1,960 ரூபாயும் வட்டியாகப் போகும். அப்படியானால் உங்கள் உண்மையான வாடகை 14,000 அன்று, ஏறத்தாழ 16,000. ஆகவே வீட்டு உரிமையாளரிடம் பேசும்போது மாத வாடகையில் ஐந்நூறு ரூபாய் குறைக்கச் சொல்லி மன்றாடுவதைவிட, அட்வான்ஸை மூன்று அல்லது நான்கு மாதமாகக் குறைக்கச் சொல்லிப் பேசுவதே கூடுதல் பயன் தரும். வாடகையில் விட்டுக்கொடுக்காத உரிமையாளர்கள்கூட இதில் இறங்கி வருவதுண்டு.

இதற்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில், நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அது வாடகை ஆணையத்தில் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது இதன் அடிப்படை. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்றும் அது சொல்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: இரு தரப்பும் ஒப்பந்தத்தில் வேறு தொகைக்கு உடன்பட்டால் அந்த வரம்பு உங்களுக்குக் கைகொடுக்காது. பத்து மாதம் என்று எழுதியதில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு சட்டத்தைக் காட்டுவதில் பயனில்லை. பேச வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முன்புதான்.

மூன்றாம் படி: ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள்

புரோக்கரோ உரிமையாளரோ கொண்டுவரும் ஒப்பந்தம் பெரும்பாலும் பதினொரு மாதத்துக்கு, முத்திரைத் தாளில், எங்கோ தட்டச்சு செய்த பழைய படிவமாக இருக்கும். பெயரையும் தொகையையும் மட்டும் மாற்றியிருப்பார்கள். அதில் கீழ்க்கண்டவை தெளிவாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

அட்வான்ஸ் தொகை எண்ணாலும் எழுத்தாலும் இருக்க வேண்டும். அது எந்த நாளில், எந்த வங்கிக் கணக்கு வழியாகக் கொடுக்கப்பட்டது என்பதும் இருக்க வேண்டும். 'அட்வான்ஸைக் கையில் கொடுங்கள், ஒப்பந்தத்தில் பாதியை எழுதிக்கொள்வோம்' என்று கேட்டால் அந்த வீட்டை விட்டுவிடுவதே நல்லது. காலி செய்யும்போது அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும், பெயிண்டிங் என்ற பெயரில் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை இப்போதே எழுதிவிடுங்கள். பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை என்பது பல இடங்களில் வாய்வழி வழக்கம். எழுதாவிட்டால் அது இரண்டு மாதமாகவும் ஆகும்.

அடுத்தது கரண்ட். வீட்டுக்கெனத் தனி மின் இணைப்பு இருந்தால் இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற அரசுச் சலுகை உங்களுக்குக் கிடைக்கும். ஒரே இணைப்பில் சப்-மீட்டர் வைத்துப் பல குடித்தனங்கள் இருந்தால், பெரும்பாலும் யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று உரிமையாளர் சொல்வதே கட்டணம். இலவச யூனிட்டும் உங்களை வந்தடையாது. வீட்டைப் பார்க்கப் போகும்போது மாடிப்படிக்கு அடியில் இருக்கும் மீட்டர் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். குடித்தனங்களின் எண்ணிக்கையையும் மின்வாரிய மீட்டர்களின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டால் இது ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். தனி மீட்டர் உள்ள வீடு முந்நூறு ரூபாய் வாடகை கூடுதலாக இருந்தாலும் பல குடும்பங்களுக்கு அதுவே மலிவு.

வாடகை உயர்வு ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு என்பதையும் எண்ணாக எழுதச் செய்யுங்கள். தகராறு வந்தால் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி வெளியேற்ற முயல்வதை 2017 சட்டம் தடை செய்கிறது என்பதை நினைவில் வையுங்கள். வாடகையை வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ செலுத்தி, எந்த மாதத்து வாடகை என்று குறிப்பில் எழுதுங்கள். குடிபுகும் நாளில், சாமான் இறங்குவதற்கு முன், சுவர், தரை, குழாய், கதவு எல்லாவற்றையும் கைப்பேசியில் படமெடுத்து அன்றே உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும் நாளில் வரும் பாதிப் பேச்சு அந்தப் படங்களோடு அடங்கிவிடும்.

நான்காம் படி: தண்ணீர் வந்த தெருவா என்று கேளுங்கள்

2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரிலும் தென்சென்னையின் தாழ்வான பகுதிகளில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது. வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் போன்ற இடங்களில் தெருவுக்குத் தெரு நிலைமை வேறுபடும். ஆகவே பகுதியின் பெயரை வைத்து முடிவு செய்யாமல், எதிர்வீட்டுக்காரரிடமும் முனையிலுள்ள பெட்டிக்கடையிலும் 'அந்த இரண்டு மழையிலும் இங்கே எவ்வளவு உயரம் நின்றது' என்று கேளுங்கள். அவர்கள் கையை வைத்துக் காட்டுவார்கள். மின்பெட்டியைத் தரையிலிருந்து தோள் உயரத்துக்கு மாற்றிப் பொருத்தியிருந்தாலோ, புது வண்ணத்துக்கு அடியில் சுற்றுச்சுவரில் நேர்கோடாகக் கறை தெரிந்தாலோ அதுவே பதில். தரைத்தள வீடு ஆயிரம் ரூபாய் மலிவாகக் கிடைப்பதற்கு அதுதான் காரணமாகவும் இருக்கலாம். ஒரு வெள்ளத்தில் ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் பிள்ளைகளின் சான்றிதழ்களும் போய்விட்டால் பல ஆண்டு மிச்சம் ஒரே இரவில் கரைந்துவிடும்.

ஐந்தாம் படி: லீசுக்குப் போவதாக இருந்தால், வில்லங்கம் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்

இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் சென்னையில் உழைக்கும் குடும்பங்கள் மிகப் பெரிய தொகையை இழப்பது இங்கேதான். லீசு அல்லது போகியம் என்பது ஐந்து, ஆறு லட்சம் ரூபாயை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் வாடகையில்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது அதே தொகையைத் திரும்பப் பெறும் ஏற்பாடு. மாத வாடகை இல்லை என்பது பெரிய நிம்மதியாகத் தெரிகிறது. ஆனால் அந்தத் தொகையைத் திருப்பித் தர உரிமையாளரிடம் பணம் இருக்குமா என்பதில்தான் எல்லாம் அடங்கியுள்ளது. பெரும்பாலும் அவர் அடுத்த லீசுக்காரரிடம் வாங்கித்தான் உங்களுக்குத் தருவார். அடுத்தவர் வராவிட்டால் நீங்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

அதைவிடப் பெரிய ஆபத்து, அந்த வீட்டின் மீது ஏற்கெனவே வங்கிக் கடன் இருப்பது. உரிமையாளர் தவணை கட்டத் தவறினால், 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின்கீழ் நீதிமன்ற வழக்குக்குக் காத்திராமலே வங்கி வீட்டைக் கைப்பற்றி ஏலம் விட முடியும். வெறும் முத்திரைத் தாளில் பதிவு செய்யாமல் எழுதிய லீசு ஒப்பந்தத்தோடு நிற்பவருக்கு அப்போது வீடும் இல்லை, பணமும் கைக்கு வராது. இன்னொரு வகை ஏமாற்றும் உண்டு: உரிமையாளரிடம் மாத வாடகைக்கு வீட்டை எடுத்துக்கொண்ட ஓர் இடைத்தரகர், அதே வீட்டை உங்களுக்கு லீசுக்கு விட்டு, மொத்தத் தொகையைத் தன் கணக்கில் வாங்கிக்கொள்வார். சில மாதம் உரிமையாளருக்கு வாடகை போகும்; பிறகு நின்றுவிடும். அன்றுதான் உண்மையான உரிமையாளர் உங்கள் வாசலில் வந்து நிற்பார்.

ஆகவே செய்ய வேண்டிய வரிசை இது. முதலில் உரிமையாளரிடம் கிரயப் பத்திர நகலையும் சொத்து வரி ரசீதையும் வாங்குங்கள். மின் இணைப்பு யார் பெயரில் உள்ளது என்று பாருங்கள். மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். பதிவுத் துறையின் இணையதளத்தில் அந்தச் சொத்துக்குக் குறைந்தது முப்பது ஆண்டுக்கு வில்லங்கச் சான்று எடுங்கள். அதில் அடமானமோ, வங்கியில் உரிமை ஆவணங்களை ஒப்படைத்ததற்கான பதிவோ இருந்து, அதை ரத்து செய்த ரசீது ஆவணம் பதிவாகாமல் இருந்தால், அந்த வீட்டில் கடன் நிலுவையில் உள்ளது என்று பொருள். அத்தகைய வீட்டை லீசுக்கு எடுக்க வேண்டாம். வில்லங்கம் இல்லை என்றால், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை கட்டாயம் பதிவு செய்யப்பட வேண்டியது என்பதால், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துகொள்ளுங்கள். பதிவுக்கு உரிமையாளர் வர மறுத்தால் அந்த மறுப்பே உங்களுக்குப் போதுமான விடை. பணத்தை உரிமையாளரின் சொந்த வங்கிக் கணக்குக்கு மட்டுமே அனுப்புங்கள்.

கடன் வாங்கி லீசுக்குப் போவதும் பெரும்பாலும் நட்டக் கணக்கே. ஆறு லட்சத்தை ஒன்றரை ரூபாய் வட்டிக்கு வாங்கினால் வட்டியே மாதம் 9,000 ரூபாய். அந்தப் பணத்துக்கு ஆவடியிலோ கூடுவாஞ்சேரியிலோ வாடகை வீடே தேடிவிடலாம்.

ஆறாம் படி: அரசு வீடுகளின் வழி

தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் 1961லிருந்து இயங்கி வருகிறது. அண்ணா நகர், கே.கே. நகர், அசோக் நகர், பெசன்ட் நகர் எல்லாம் அதன் கையால் விரிந்த பகுதிகள். அதன் அறிவிப்புகள் அவ்வப்போது வரும், விற்காமல் மீந்த வீடுகளும் சில நேரம் கிடைக்கும், இணையதளத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறிய அமைப்பு, ஆண்டு வருமானம் மூன்று லட்சம் ரூபாய்க்குட்பட்ட, சொந்த வீடில்லாத குடும்பங்களுக்குப் பயனாளி பங்குத் தொகையோடு அடுக்குமாடி வீடுகளை ஒதுக்குகிறது. வீட்டின் விலையைவிட அது இருக்கும் இடத்தை நன்றாக எண்ணிப் பாருங்கள். கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் நகரின் நடுவிலிருந்து மாற்றப்பட்ட குடும்பங்களில் பலர், வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் பழைய பகுதிக்கே நெடுந்தூரம் திரும்பிப் போக வேண்டியதாயிற்று. ஏழைக் குடும்பங்களை நகரின் விளிம்பில் குடியமர்த்துவதை வீட்டுத் தீர்வு என்று சொல்வது நியாயமில்லை என்பதே என் உறுதியான கருத்து.

'போர்டு வீடு வாங்கித் தருகிறேன்' என்று டோக்கன் காட்டிப் பணம் கேட்பவரிடமும், ஒதுக்கீடு பெற்றவர் கிரயப் பத்திரம் பெறும் முன்பே விற்கும் வீட்டிலும் கை வைக்காதீர்கள். ஒதுக்கீடு பெற்றவரின் பெயரிலேயே வாரியக் கணக்கு இருக்கும் வரை உங்களிடம் இருப்பது சாவி மட்டுமே.

ஏழாம் படி: வாங்குவதற்கு முன் கையிலுள்ள பணத்தை எண்ணுங்கள்

நம் குடும்பத்தின் வருமானம் 42,000 ரூபாய். மாதத் தவணை 15,600 ரூபாய்க்கு மேல் போனால் பள்ளிக் கட்டணமும் மருத்துவமும் தடுமாறும். 8.5 விழுக்காடு வட்டியில் இருபது ஆண்டுக்கு அந்தத் தவணை 18 லட்சம் ரூபாய்க் கடனைத் தாங்கும். அதற்கு இருபது ஆண்டில் கட்டும் வட்டி மட்டும் ஏறத்தாழ 19.5 லட்சம். ஆகவே 40 லட்ச ரூபாய் ஃபிளாட்டை இவர்களுக்குக் காட்டும் விளம்பரம் இவர்களுக்கானது அன்று. அதற்கு 32 லட்சம் கடன் வாங்கினால் தவணை மாதம் 27,770 ரூபாய்.

கடன் தவிரக் கையிலிருந்து போடுவதை எண்ணுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையான கடனுக்குச் சொத்து மதிப்பில் அதிகபட்சம் 90 விழுக்காடும், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 விழுக்காடும்தான் கடன் கிடைக்கும். ஆகவே 40 லட்ச வீட்டுக்கு 8 லட்சம் உங்கள் பணம். புதிய ஃபிளாட்டின் முதல் விற்பனையில் 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் என்றால் இன்னும் 2.4 லட்சம். கட்டி முடிக்காத வீடு என்றால் ஜிஎஸ்டி உண்டு: 45 லட்சத்துக்குள், சென்னையில் 60 சதுர மீட்டர் கார்பெட் பரப்புக்குள் (சுவர்களுக்குள் நாம் புழங்கும் தரைப்பரப்பு) இருந்தால் 1 விழுக்காடு, இல்லையெனில் 5 விழுக்காடு. பணி நிறைவுச் சான்று பெற்ற வீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. பழைய ஃபிளாட்டும் மனையும் என்றால் முத்திரைத் தீர்வை 7, பதிவு 2 என மொத்தம் 9 விழுக்காடு. இந்தப் பணத்துக்காகத் தனிநபர் கடன் வாங்குவதாக இருந்தால் வீடு வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.

பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், இந்தியாவில் எங்கும் உறுதியான சொந்த வீடில்லாத, ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குட்பட்ட குடும்பத்துக்கு வட்டி மானியம் உண்டு. வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள்ளும் கடன் 25 லட்சத்துக்குள்ளும் இருக்க வேண்டும். முதல் 8 லட்சத்துக்கு 4 விழுக்காடு எனக் கணக்கிட்டு, அதிகபட்சம் 1.80 லட்சம் ரூபாய் ஐந்து ஆண்டுத் தவணைகளில் கடன் கணக்கில் வரவாகும். வங்கியில் விண்ணப்பிக்கும்போதே இதைக் கேளுங்கள். மாறும் வட்டிக் கடனைத் தனிநபர் முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது என்பதால், போனஸ் வரும் ஆண்டுகளில் அசலில் கட்டுங்கள். தொடக்க ஆண்டுகளில் கட்டும் ஐம்பதாயிரம் பின்னால் பல தவணைகளைக் குறைக்கும்.

எட்டாம் படி: பத்திரங்கள்

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அல்லது எட்டு வீட்டுக்கு மேற்பட்ட திட்டம் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். பதிவு எண்ணை விளம்பரத்தில் பார்த்தால் போதாது. ஆணையத்தின் தளத்தில் அதைத் தேடி, அனுமதி வரைபடமும் முடிக்கும் தேதியும் நீங்கள் கேட்டதோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கட்டுநருக்கு உரிமை இல்லை. வீடு கைக்கு வந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் அதைச் சரிசெய்வது அவருடைய பொறுப்பு.

பத்திரம் பார்க்க வழக்கறிஞருக்குக் கொடுக்கும் சில ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்த வேண்டாம். கட்டுநர் காட்டும் வழக்கறிஞரிடம் போகவும் வேண்டாம். தாய்ப் பத்திரத்திலிருந்து தொடர் அறுபடாமல் வருகிறதா, பட்டா விற்பவர் பெயரில் உள்ளதா, வில்லங்கம் உண்டா, உங்கள் யுடிஎஸ், அதாவது மனையில் உங்களுக்குரிய பிரிக்கப்படாத நிலப்பங்கு, எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் எண்ணாக உள்ளதா என்று அவரிடம் எழுத்தில் கேளுங்கள். கட்டடம் பழசாகி இடிக்கும் நாளில் உங்களுக்கு மிஞ்சுவது அந்த நிலப்பங்குதான். மனை என்றால், 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான அங்கீகாரமற்ற மனைப்பிரிவுகளுக்குத்தான் 2017 விதிகளின்படி வரன்முறை (பின்னர் அங்கீகரித்து முறைப்படுத்துவது) உண்டு என்பதையும், ஏரி, நீர்வழி நிலத்துக்கு அது பொருந்தாது என்பதையும் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

தகராறு வந்தால்

வாடகைச் சிக்கலுக்கு உங்கள் பகுதியின் வாடகை ஆணையத்திடமும், கட்டுநர் மீதான புகாருக்கு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்திடமும், லீசு மோசடிக்குக் காவல்துறையின் மத்திய குற்றப்பிரிவிலும் மனுக் கொடுக்கலாம். வழக்கறிஞருக்குப் பணமில்லை என்று பின்வாங்க வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்தோ, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் சென்றோ விண்ணப்பிக்கலாம். போகும்போது ஒப்பந்த நகல், வங்கிப் பரிமாற்றப் பட்டியல், வில்லங்கச் சான்று, குடிபுகுந்த நாளில் எடுத்த படங்கள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி, இரண்டு படிகள் எடுத்துச் செல்லுங்கள்.